நல்ல நேரத்தில் அறுந்த இணைப்பு

14.9.2007, வெள்ளி. வால்டோர்ஃப், ஜெர்மனி

போன் கார்டு ஐந்து யூரோ. தயிர், தக்காளி, பஸ் எல்லாம் சேர்த்து இன்றைய செலவு பதினொன்று எழுபது.

நிவி இன்றும் அப்பாவிடம் பேசவில்லை. ரிசீவரைக் காதில் வைத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வயதுக்கு வெறும் குரல் போதவில்லை. இவர் அபுதாபிக்குப் போனது ஜூனில். முகம் மறந்துகொண்டு வருகிறது.

"விடு வசு. அவ தேடலேன்னா நல்லதுதானே" என்றார்.

நல்லதா?

16.9, ஞாயிறு

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்க முடியுமா என்று ஆபீஸில் கேட்கிறார்களாம். இந்த அக்டோபருக்குள் பதில் சொல்ல வேண்டும். குழந்தைக்கே தான் வேண்டாம் என்றால் எங்கே இருந்தால் என்ன என்கிற மாதிரி பேசுகிறார். அவள் முகத்தைப் பார்த்தால் இப்படிப் பேசமாட்டார். ஆனால் அந்த ஊரில் ஸ்கைப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

18.9, செவ்வாய்

விபிஎன் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இவர் கணினியிலிருந்து மறைவான ஒரு வழியில் நம் வீட்டுக் கணினிக்கு வந்து, இங்கிருந்து வெளியே போவது. ஜெர்மனியில் உட்கார்ந்து பேசுவது போல ஆகிவிடும். எல்லாம் இங்கிலீஷில். அகராதியும் கையுமாக மூன்றாவது தடவை படிக்கிறேன்.

சொன்னேன். "மாட்டினா வேலையும் போகும், விசாவும் போகும்" என்றார்.

பெருமாள் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். குழந்தைக்கு அப்பா முகத்தைக் காட்டுவது திருட்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் மாட்டினால் அவஸ்தை அவருக்கு. அவர் வாயால் சரி என்று வரட்டும். அதுவரை தொடமாட்டேன். படிப்பதை நிறுத்தவும் மாட்டேன்.

22.9, சனி

சரி என்றார்.

29.9, சனி

காலண்டரில் நல்ல நேரம் ஏழரை முதல் எட்டரை. விளக்கேற்றிவிட்டு ஏழே முக்காலுக்கு மோடத்தைப் போட்டேன். நம் இணைப்பின் எண்ணை இவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். அந்த எண்தான் அவர் உள்ளே வரும் வாசல்.

வந்துவிட்டார்! இளைத்திருக்கிறார். நிவி என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். இன்றைக்கு அது போதும். இனி அவருக்கு லீவான வெள்ளி, சனி காலையில் இதே வேளைக்குப் பேசுவது.

5.10, வெள்ளி

நிவி தானாகவே பொம்மையைத் தூக்கிக் காட்டப் போனாள். அறுந்துவிட்டது. எண்ணும் மாறிவிட்டது. புது எண்ணை அனுப்பி அவர் வருவதற்குள் கிண்டர்கார்டனுக்கு நேரமாகிவிட்டது.

6.10, சனி

இன்றும் அதேதான். நிவி திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு "அப்பா கபுட்" என்றாள். கிண்டர்கார்டனில் உடைந்த பொம்மைக்குச் சொல்வது. நல்லவேளை, அறுந்திருந்ததால் இவருக்குக் கேட்கவில்லை.

13.10, சனி

மறுபடியும். ஏன், ஏன்? அடுத்த ஞாயிறு விஜயதசமி. நிவிக்கு அட்சராப்பியாசம். அப்பா சொல்லித்தான் முதல் எழுத்து எழுத வேண்டும். பாதியில் அறுந்தால்—

கீழ்வீட்டு கமலநாயகி அக்கா கொலு பார்க்க வந்தார். இணைப்பு அறக்கூடாது என்று தினம் பெருமாளிடம் வேண்டிக்கொள்கிறேன் என்றேன். சுண்டலை மென்றுகொண்டே, "அது கொம்பனிக்காரன்ர வேலை பிள்ளை. கடவுளிட்டக் கேக்கிறதை அவனிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார்.

என் ஜெர்மனை வைத்துக்கொண்டா? சரி. கேட்கத்தான் போகிறேன்.

20.10, சனி

ஒரு வாரம் வாக்கியங்களை மனப்பாடம் செய்து, இன்று காலை இணைப்புக் கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்தவர் பொறுமைசாலி. எல்லா வீட்டு இணைப்பையும் நாளுக்கு ஒரு தடவை அறுத்து எண்ணை மாற்றுவார்களாம். முதல் நாள் எந்த நேரத்தில் போட்டோமோ மறுநாள் அதே நேரத்தில்.

நல்ல நேரம் பார்த்துப் போட்டவள் நான்தான். தினமும் அந்த நல்ல நேரத்திலேயே அறுந்துகொண்டிருந்திருக்கிறது. நாளைக்கும் ஏழே முக்காலுக்கு அறும்.

இப்போதே வயரைப் பிடுங்கி மறுபடி போடுங்கள், நாளையிலிருந்து இந்த நேரத்துக்குத்தான் அறும், சரியாக வருகிறதா என்று இங்கிருந்து பார்க்கிறேன் என்றார். மணி ஒன்பது தாண்டிவிட்டது. சனிக்கிழமை. ராகு காலம். கை வரவில்லை. அவர் அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்கிறார்.

பிடுங்கிவிட்டேன்.

இவரிடம் சொன்னதும், "ராகு காலத்துலயா ஆரம்பிச்சே?" என்றார்.

"ஆரம்பிக்கலை. அறுக்கறதைத் தள்ளி வெச்சேன்."

சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

சாயங்காலம் சரஸ்வதி பூஜை. மோடத்துக்கும் சந்தனம், குங்குமம். "இதுக்கும் பொட்டோ? அப்ப வடையும் வையுங்கோ" என்றார் அக்கா.

21.10, ஞாயிறு

தாம்பாளத்தில் பச்சரிசி, மடியில் நிவி. திரையில் இவர், வேட்டியோடு. எதிரே சாப்பாட்டுத் தட்டில் அரிசி. அவர் அங்கே 'அ' எழுத, இங்கே நான் நிவியின் விரலைப் பிடித்து எழுதினேன். ஏழே முக்கால் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அறாமல் தாண்டிப் போயிற்று.

எழுதி முடித்ததும் நிவி விரலை உருவிக்கொண்டு திரையைக் காட்டினாள். "அப்பா, உன்னோடது கோணல். திருப்பி எழுது."

எழுதினார். அதுவும் கோணலாம். அவள் சரி என்று விடும்வரை, கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நினைவுபடுத்தவில்லை.

24.10, புதன்

கிறிஸ்மஸுக்கு முன்னால் அபுதாபியிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு டிக்கெட் என்ன விலை, ஒருவழிக்கு மட்டும் பார் என்று எஸ்.எம்.எஸ்.

நிலவறைப் பெட்டியிலிருந்து இவருடைய குளிர்கோட்டை எடுத்து பால்கனியில் தொங்கவிட்டேன். வெயில் இல்லை. காற்றாவது படட்டும்.