தூங்கும் கிருமிகளும் ஒரு மாத்திரைப் பெட்டியும்

சுற்றுப்பாதை ஆய்வுக்கூடம் ‘முத்து’
பதிவு: டாக்டர் ஜெசிந்தா மச்சாது

பிப்ரவரி 20, காலை 6.10
காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. பொட்டல உப்புமா வழக்கம்போல் மோசம்.

இங்கே நானும் காசநோய்க் கிருமிகளும் மட்டும். மருந்துக்கு அடங்காத ரகம் என்பதால் பூமியில் வளர்க்க அனுமதியில்லை. கிருமிக்குள் ஒரு புரதம் இருக்கிறது. பிராணவாயு குறைந்தால் அது மரபணுக்களின் சுவிட்சை மாற்றிவிடும்: சர்க்கரையை விடு, கொழுப்பைத் தின்னு, தூங்கு. தூங்கும் கிருமியை மருந்து தொடாது. தூத்துக்குடியில் என் தம்பி அமல்தாஸின் நுரையீரலில் அவை அப்படித்தான் கிடக்கின்றன. அந்தப் புரதத்தை முடக்க வேண்டும். அவனுக்கு வேறு வழியில்லை.

மார்ச் 14, மாலை 5.30
முடக்கிவிட்டேன்! என் கலவையின் ஆவி பட்டதும் சோம்பேறிகள் எழுந்து சர்க்கரை தேடுகின்றன. இனி சாதாரண மாத்திரையே இவற்றைக் கொல்லும் என்று நம்புகிறேன். சோதித்துக் காட்டினால்தான் மருத்துவர்கள் அமலுக்குக் கொடுப்பார்கள்.

மார்ச் 27, காலை 8.00
குளிர்பெட்டி செத்துவிட்டது. சோதனைக்கு வைத்திருந்த காசநோய் மருந்தெல்லாம் வீண். ஆய்வறைக் காற்று வடிகட்டியும் திணறுகிறது.

ஏப்ரல் 9, பகல் 11.40
இருமல். சளியில் ரத்தம். சின்ன வயதில் எனக்கும் வந்த நோய்தான். குணமாகிவிட்டது என்றார்கள், மிச்சம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வடிகட்டியைத் தாண்டிக் கசிந்த என் கலவையின் ஆவியே அதை எழுப்பிவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்துக்கு நல்ல பரிசு.

அவசரத்துக்கென்று என் பெயரில் ஒரு பெட்டி காசநோய் மாத்திரை இருக்கிறது. நான் சாப்பிட்டால் பிழைப்பேன். சோதனைக்குப் போட்டால் அமல் பிழைப்பான். பங்கு போட்டால் இரண்டும் கெடும். அடுத்த விண்கலம் வர இன்னும் மாதங்கள் ஆகும். தம்பி மனைவி ரோஸ்லினிடம் அவனைப் பற்றிக் கேட்டேன்.

“அவிய நல்லாருக்காவ மைனி. நேத்து சாளை மீன் குழம்பு கேட்டுச் சாப்ட்டாவ. அக்கா மருந்து எப்ப வரும்னுதான் கேட்டுக்கிட்டே இருக்காவ.”

சாப்பிடுகிறானாம். எனக்கு அது போதும். பெட்டியைப் பிரித்துச் சோதனையில் போட்டுவிட்டேன்.

மே 2, மாலை 4.15
செத்தன. அத்தனையும். முடிவுகளைப் பூமிக்கு அனுப்பியாயிற்று. “ரோஸ், அமலுக்கு இன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்லு” என்றேன். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மே 3, காலை 9.05
“மைனி... அவிய குருத்தோலை ஞாயித்துக்கிழமையே போயிட்டாவ. தூரத்துல தனியா இருக்க பிள்ளைட்ட சொல்லாதீங்க, ஒடிஞ்சி போயிருவான்னு மாமா சொல்லிட்டாவ. உங்க வேலை முடியட்டும்னு இருந்தோம். மன்னிச்சிருங்க மைனி.”

குருத்தோலை ஞாயிறு, மார்ச் 29. அப்போது மாத்திரைப் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான். அம்மா இறந்தபோதும் விடுதியிலிருந்த என்னிடம் ‘அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லை, புறப்பட்டு வா’ என்றுதான் இதே அப்பா சொன்னார். யாரைக் கோபித்துக்கொள்வது? சாளைக் குழம்பு வரை யோசித்துச் சொல்லியிருக்கிறாள், பாவம். அழுகை வருகிறது. அழுதால் இருமல் வருகிறது.

மே 21
நேரம் பார்க்கவில்லை. உட்கார முடியவில்லை.

“மைனி, குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“ஜலதோஷம்தான் ரோஸ். நல்லாருக்கேன். இப்பதான் சாப்ட்டேன்.”

கதவைத் திறப்பவர்களே, முகமூடி போட்டுக்கொண்டு வாருங்கள். மருந்து வேலை செய்கிறது. வேறு யார் தம்பியாவது பிழைக்கட்டும்.

வீட்டில் மெதுவாகச் சொல்லுங்கள். என் பெயரில் மாத்திரை இருந்ததை மட்டும் ரோஸிடம் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை தாங்கமாட்டா...