கிணற்றடியில் ஒட்டிய அறிவிப்பு

மார்ச் 4
மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. குடிநீர் ஆய்வகம், மாடி அறை, மறுபடி ஆய்வகம். இன்று படியேறும்போது வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். "சாப்பிட்டியாம்மா?" இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள். ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்தார், கோயில் கிணற்றுத் தண்ணீர். மாசமாக இருக்கும் மருமகளுக்குத் தினமும் அதுதானாம். "ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. இந்தத் தடவை கிணத்தம்மா கைவிட மாட்டா." குடித்தேன். தித்தித்தது.

மார்ச் 9
அதே கிணற்றில் மாதிரி எடுக்க அனுப்பினார்கள். பெருமழைக்குப் பிறகு எல்லாக் கிணறுகளிலும் எடுப்பதுதான். கோயில் காவலாளி சொன்னார்: "கோயில் அப்புறம் வந்ததுங்க. முன்னாடி இங்க வேற சாமிய கும்பிட்டாங்க, அதுக்கும் முன்னாடி வேற. கிணறு மட்டும் மாறல."

மார்ச் 11
சாக்கடை கலந்திருக்கிறது. மறுபடியும் சோதித்துப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 12
'குடிக்க உகந்ததல்ல.' நானே ஒட்டினேன். ஒரு பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டு, குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்.
வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன் — வயித்துப் புள்ளைக்கு ஆகாதும்மா, கொதிக்க வெச்சாவது குடுங்க.
"சாமி தண்ணிய அடுப்புல ஏத்தச் சொல்றியா?"
கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 15
கீழே பேச்சுச் சத்தம். நான் இறங்கினால் நின்றுவிடுகிறது.

மார்ச் 19
மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பேதி, கடும் காய்ச்சல். நான் சொன்னது பலித்துவிட்டது. பலிக்கணும்னா சொன்னேன்? எந்த முகத்தோட போய்ப் பாக்கறது?

மார்ச் 20
போனேன். வராந்தா பெஞ்சில் வீட்டுக்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"புள்ளைக்குத் துடிப்பு நல்லா இருக்காம்," என்றார், சுவரைப் பார்த்தபடி. பிறகு, "நாந்தானே குடுத்தேன்..."
"எனக்கும்தான் குடுத்தீங்க. ஆசையாத்தானே குடுத்தீங்க."
அப்போதுதான் அழுதார்.

ஏப்ரல் 2
மருமகள் வீடு திரும்பிவிட்டாள். கிணற்றருகே உடைந்த சாக்கடைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. தண்ணீர் சோதனையில் இன்னும் தேறவில்லை, அறிவிப்பு அப்படியே இருக்கிறது.
காலையில் கோயிலுக்குத் துணைக்கு வரச்சொல்லி வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார். குடமில்லாமல், வெறுங்கையோடுதான் வந்தார். கிணற்றைப் பார்த்துக் கைகூப்பி நின்றவர், பாதியில் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார்.
"உன் பேரு என்னம்மா? வேண்டிக்கறப்ப பேரு சொல்லணும்ல."
சொன்னேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகளில் என் பெயர் மெல்ல அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.