படிக்கிற மிஷின் விலை இறங்கிய கதை

நண்பா,

நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? இன்று விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறேன், பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் புத்தகம் படிக்கிற மிஷினைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாள். விலை கேட்டேன். தள்ளுபடியில் வாங்கினாளாம். “இது இறங்கும்னு நான் எப்பவோ சொல்லிட்டேம்மா” என்றேன். அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். கேட்க நீ இல்லையே என்று உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாவட்டம் பிரிந்த தொண்ணூற்று மூன்றில் உனக்கு விழுப்புரத்தில் ஆபீஸ், எனக்கு அங்கே மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைத் தரகு; நீ வேர்க்கடலை என்பாய். திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறினால் நீ புத்தகத்தைத் திறப்பாய், நான் வாயைத் திறப்பேன். எட்டாவதோடு நின்ற எனக்கு அத்தனை கதையும் நீ படித்துச் சொன்ன புண்ணியத்தில்தான்.

நீ ரிட்டயர் ஆன பிறகு சர்க்கரை உன் கண்ணில் கை வைத்தது. அப்போது ஒரு தடித்த நாவலின் பாதியில் இருந்தாய். அண்ணனோடு சண்டை போட்டுக் கப்பலேறிய தம்பி ஊர் திரும்புவானா, மாட்டானா? அதற்குள் எழுத்து மங்கிவிட்டது. படித்துக் காட்டுகிறேன் என்றாள் உன் மகள். “காதால கேட்டா அது சேதிம்மா. கண்ணால படிச்சாத்தான் எனக்குப் புஸ்தகம்” என்றாய். எழுத்தைப் பெரிசாக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது, அந்த நாவல் அதிலும் கிடைக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். விலையைக் கேட்டதும் உன் பென்ஷன் நடுங்கியது.

“பொறுடா,” என்றேன். “எதிர் கம்பெனிக்காரனும் இதே மாதிரி மிஷினோட எறங்கிட்டான். ரெண்டு பேரும் மொறைச்சிக்கினு நிக்கிறாங்க. விலை இறங்கியே தீரும்.”

“மல்லாட்டை ஏறும்னு நீ சொன்ன வருஷமெல்லாம் இறங்கிச்சு. இப்ப இறங்கும்ன்ற. என் கண்ணு இருக்கிற வரைக்கும் இறங்குமாடா?”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. காட்டிக்கொள்வேனா?

“எண்ணெய் மில்காரரு விதையை ஏன் சல்லிசா குடுக்கறாரு? விளைஞ்சதெல்லாம் அவரு மில்லுக்கே வரணும்னுதான? இவனும் மிஷினைச் சல்லிசா குடுத்துட்டுப் புஸ்தகத்துல புடிச்சிக்குவான். ஒருத்தன் குறைச்சா இன்னொருத்தன் குறைக்காம எங்க போவான்?”

“மாதாவே! அமெரிக்காவுல உன்னைக் கேட்டுக்கினுதான் விலை போடறாங்களா?”

“கேட்டிருந்தா இன்னும் ஜல்தியா இறக்கியிருப்பாங்க.”

பொங்கல் போனது, கத்திரி வெயில் போனது. நீ ஜன்னல் ஓரத்தில் நாவலை மூக்கோடு ஒட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பதைக் கண்டும் காணாததுபோல் வந்து போனேன். கடைசியில் விழுப்புரம் செல்போன் கடைக்காரர் கூப்பிட்டார். “அண்ணே, அந்தக் கம்பெனி குறைச்சிட்டான். இவன் பழைய மாடலைப் பாதி விலைக்குத் தள்றான். ஓடியாங்க.” ஓடினேன். பஸ்ஸே எனக்குப் பின்னால்தான் வந்தது.

எழுத்தைப் பெரிசாக்கினால் பக்கத்துக்கு ஐந்தாறு வரிதான் நின்றது. நீ தட்டினாய், படித்தாய், மறுபடி தட்டினாய். “தெரியுதுடா” என்றாய். நான் வியாபாரத்தில் ஜெயித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்காது. நான் சொன்னபடியே விலை இறங்கியதை ஒலக்கூர் வரைக்கும் சொன்னேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்திச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் படுத்தபோது உனக்கு ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. தலையைத் தூக்க முடியவில்லை. மிஷினை என் கையில் கொடுத்தாய்.

“நீயே படி. கதையில இல்லாத ஆளையெல்லாம் உள்ள வுட்டுடாத.”

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். தம்பி கப்பலிலிருந்து இறங்கினான். அண்ணன் மழையில் குடையோடு காத்திருந்தான். உன் முகத்தில் அத்தனை பெருமை. “வந்துடுவான்னு எனக்கு அப்பவே தெரியும்டா” என்றாய். சொன்னது பலித்த சந்தோஷம் என்னவென்று எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் ஜெயித்தவர்களாகத்தான் பிரிந்தோம்.

மிஷினை உன் மகள் எனக்கே கொடுத்துவிட்டாள். இப்போது திக்காமல் படிக்கிறேன். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பலமுறை படித்தாயிற்று. அதில் கப்பல் வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், தம்பி இல்லை. அவனை இறக்கிவிட்டது நான்தான். மழையும் குடையும்கூட என்னுடையவைதான்.