இரண்டாம் குரல்

மார்ச் 3, திங்கள்

வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குக் கீபோர்டில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம், சபை வெளியிடப்போகும் ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்தேன். ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. என்னோடு சேர்ந்து பாடிய அவனுடையதை மட்டும் ஓடவிட்டேன். பாடுவதற்கு முன் மூச்சு இழுக்கிறான். ஜனவரியில் லாரி மோதிச் செத்தவன் மூச்சு இழுக்கிறான்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 4

ஜனவரியில் அவன் அடக்க ஆராதனைக்கும் நான்தான் கீபோர்டு வாசித்தேன். எல்லாரும் அவன் அம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள், அண்ணனின் கையைப் பிடித்தார்கள். என்னிடம் வந்தவர், “நல்லா வாசிச்சீங்க தம்பி” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை நடுவில் வலப்பக்கம் அவன் குரல். நான் பாடும் ராகத்துக்குக் கீழே, எப்போதும் போல இரண்டாம் குரலாக. திரும்பிப் பார்த்தேன். டிரம்ஸ்காரன்தான் இருந்தான். “என்னண்ணே, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 12

பாஸ்டர் கூப்பிட்டார். அவனுடைய ஃபோனில் அவன் அண்ணன் ஏதோ பார்த்துவிட்டாராம். அவன் ஒரு ஆணோடு பழகியிருக்கிறான், யாரென்று தெரியவில்லையாம்.

“ஆல்பத்துல அந்தக் குரல் வேண்டாம் தம்பி. வேற யாரையாவது பாட வச்சிடுங்க.”

தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 14

அவன் குரலை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பாட்டு நொண்டுகிறது.

ஆண்டவரே, மேடை ஏறுமுன் நாங்கள் இருவரும் கைகோத்து ஜெபித்தபோது நீர் அங்கே இருந்தீர். எனக்குத் தெரியும். அவன் பாடும்போது சபையே அழுதது — அதுவும் பொய்யா? பொய்யென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. இப்போது ஏன் பாஸ்டர் வாயால்?

சமையலறையில் யாரோ முணுமுணுத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “அவன்கூட இருந்தது நான்தான்க்கா.”

குழாயை மூடாமலே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அன்னிக்கு அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து அவ்ளோ நேரம் வாசிச்சியே... எப்படிடா முடிஞ்சுது உனக்கு?”

முடியலைக்கா, முடியவே இல்லை. ஈரக்கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் போனபிறகு இன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

மார்ச் 19

பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

“அந்தக் குரலை எடுக்க மாட்டேன்யா. எடுத்தா என்னோடதையும் எடுக்கணும்.”

புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். கண் கலங்கிவிட்டது. “உபவாசம் இருந்து ஜெபிப்போம் தம்பி. நானும் இருக்கிறேன். ஆண்டவர் மாத்துவாரு.”

“சின்ன வயசுலேருந்து அதைத்தான்யா கேக்குறேன். மாத்தவும் இல்ல, என்னை விட்டுப் போகவும் இல்ல.”

இனி மேடை ஏற வேண்டாம் என்றார். ஆல்பமும் வராதாம். வண்டிச் சாவியைப் பூட்டில் நுழைக்க முடியவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஆராதனை நேரத்தில் விரல்கள் தானாக மேசையைத் தட்டின.

ஏப்ரல் 2

இன்றும் அவன் குரல் கேட்டது. பயப்படாமல் கூடவே பாடினேன். பாதியில் என் குரல் மட்டும் மிஞ்சியது. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவன் அம்மா ஃபோன் செய்தார். “அவன் பாடினது உன்கிட்ட இருக்காமே. கொண்டு வாப்பா.”

போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“சந்தோஷமா இருந்தானாப்பா? உன்னைக் கேக்காம நான் யாரைக் கேப்பேன்?”

“இருந்தான்மா.”

கிளம்பும்போது, “ஜெபம் பண்ணிட்டுப் போ” என்று உட்காரவைத்தார். வீட்டாரை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தார். பெரிய மகன், மருமகள், பேத்தி.

பேத்திக்கு அடுத்து என் பேரைச் சொன்னார்.