பலாச்சுளை வைத்த கோலா

வைகாசி, ஞாயிறு இரவு.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று கறிக்கோலா உருண்டைக்குப் பயந்து சமையலறைக் கதவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். உள்ளே வைத்த பலாச்சுளையின் ஈரத்தில், எண்ணெயில் போட்டதெல்லாம் வெடித்தது.

தன் மனைவி இறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாத என் மச்சானை அண்ணாகிராமத்திலிருந்து வரவழைத்திருந்தோம். அவன் வீட்டிலிருந்து வருஷா வருஷம் எங்களுக்கு வரும் பலகாரம் இது. பார்த்தாலாவது நாலு வாய் சாப்பிடுவான் என்று நினைத்தேன்.

மச்சான் எட்டிப் பார்த்தான். "சுளைய வதக்காமலா வச்சீங்க மாமா? நவுருங்க. வீட்டயே கொளுத்திடுவீங்க போல."

மிச்சக் கறியை அவனே உருட்டிப் பொரித்தான். அடுப்படியில் நின்றபடியே ஐந்து தின்றான்.

செத்துப்போனவளின் கைப்பக்குவத்தை அவன் நாக்குக்கு மீட்டுக் கொடுத்துவிட்டேன் என்று படுக்கும்போது பெருமையடித்தேன்.

"அவ ஒருநாளும் இத செஞ்சதில்லீங்க," என்றாள் என் மனைவி. "எப்பவும் தம்பிதான் செஞ்சு குடுத்தனுப்புவான்."