நடு மாடத்துத் தட்டு

நியாம்புரா அண்ணி,

நானும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போகிறோம். தேங்காய்ச் சோறு மூடி வைத்திருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் உள்ளறைச் சுவர் மாடத்தில் அழகுக்கு வைத்திருந்த பீங்கான் தட்டை எடுத்து அண்ணனுக்கு மீன் பரிமாறியதும், "சுவருக்குப் போட்ட நகையிலயா மீன் திங்கிறது? உங்க மலையில தட்டே கிடையாதா?" என்று அம்மா கத்தியது தப்புதான். எங்கள் லாமுத் தீவில் சுவர்ப் பீங்கானில் யாரும் சாப்பிடுவதில்லை என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

நீங்கள் பெட்டி கட்டியதைப் பார்த்தேன். மதியப் படகுக்குப் போகுமுன் உள்ளறையை ஒருமுறை பாருங்கள்.

விடியலில் அம்மா மாடங்களுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசினாள். காய்ந்ததும் நீலப்பூப் பீங்கான்களை அடுக்கினாள். நடு மாடத்தில் மட்டும், நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நீல விளிம்பு எனாமல் தட்டை வைத்தாள்!

வெயில் உள்ளே வந்ததும் சுவரே வெள்ளையாய் எரிந்தது. அதன் நடுவில் உங்கள் தட்டின் நீல வளையம். பிறந்ததிலிருந்து பார்க்கிற சுவர் அண்ணி, புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணி ஊருக்குப் போனா தட்டைக் குடுத்துடணுமேம்மா?" என்றேன்.

"மாடத்துல ஏறினத இறக்குற வழக்கம் இந்த வீட்ல இல்லடி."

சோமோ

மறந்துவிட்டேன்: மீனைப் பூனைக்கு எட்டாமல் உறியில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சீட்டின் மேல் இருப்பது வீட்டின் ஒரே சாவி. அம்மாதான் வைக்கச் சொன்னாள். சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவோம்.