இன்னும் உடையாத 4071247

சற்று முன் என் மணிக்கட்டில் எண் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள். திருப்பதி ஆஸ்பத்திரி, எங்கும் டெட்டால் வாடை. நாளை காலை எனக்கு ஆபரேஷன். "உங்க நம்பர் கூட்டினா நைன் வருது மேடம், சாலா மஞ்சிதி," என்று நர்ஸ் சிரித்தாள். ரொம்ப நல்லதாம். உன்னைத்தான் நினைத்தேன்.

"வண்டிக்கு ஒம்பது, வூட்டுக்கு ஒம்பதுன்னு அலையறாங்க பாரு. கூட்டினா ஒம்பது வர்ற நம்பரு ஒம்பதாலயே ஒடஞ்சிடும்டி. பயந்துகினு இருக்கிறவளுக்கு அது இன்னாத்துக்கு ஆவும்?" என்பாய்.

நாகலாபுரத்திலிருந்து புத்தூர் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் தோழிகள் நாம் இருவரும் கற்ற வித்தை அது. பரீட்சையில் தோற்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயம் வந்தால் டிக்கெட்டை நீட்டுவாய். அதிலுள்ள எண் எதால் வகுபடும், இல்லை பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். "வகுக்கறதுக்குப் பாக்கி இருக்கிற வரைக்கும் பயம் கிட்ட வராது," என்பாய். நாராயணவனம் தாண்டியும் உடையாத எண் கிடைத்தால் அன்று நமக்குக் கொண்டாட்டம்.

பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. நீ பெங்களூர் போய், அங்கிருந்து அமெரிக்கா போனாய். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன். ஒருநாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாய்.

"கையில நம்பர் கட்டிக்கிறாங்கடி. நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு. மூணு போவல, ஏழு போவல, பதினொண்ணும் போவல. வர்க்கமூலம் ரெண்டாயிரத்துப் பதினேழுதான், அது வரைக்கும் வகுத்துப் பாத்தாப் போதும். அதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுவேன்."

உன் குரல் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நீ வீட்டுக்கு வரவில்லை. எதுவரை வகுத்துப் பார்த்தாய் என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

இத்தனை வருடம் அந்த எண்ணைத் தொடவே பயந்தேன். இன்று வேறு வழியில்லை. என்னுடையதை ஒன்பது உடைத்துவிட்டது, அதனால் உன்னுடையதை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் என் உதடு அசைவதைப் பார்த்து என்னவென்று கேட்டான். சொன்னேன்.

"குடும்மா, போன்ல போட்டா ஒடனே சொல்லிடும்."

"வாணாம்பா," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அது பகா எண் என்று வந்தால், கடைசிவரை முடிவில்லாமல் முட்டிக்கொண்டிருந்தாயே என்று இருக்கும். இல்லையென்று வந்தால், அது உடைவதற்குள் போய்விட்டாயே என்று இருக்கும். இரண்டையும் தாங்க இன்று எனக்குத் தெம்பில்லை. அதோடு, விடை தெரிந்துவிட்டால் நாளைக்கு நான் எதைப் பிடித்துக்கொள்வது?

மூன்றிலிருந்தே மறுபடி ஆரம்பித்தேன். உன் கணக்கின் மேல் சந்தேகம் இல்லை, நேரம் போகட்டும் என்றுதான். தொண்ணூற்றேழு வரை பார்த்தாயிற்று, எதிலும் மீதி வருகிறது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். 

அடுத்தது நூற்றொன்று. அதை இப்போது தொடவில்லை. நாளை என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறக்கும்போது வேண்டும்.